காதுக்கும் படிப்பு வேண்டும்!

வெளிநாட்டுப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து படிக்க வேண்டும் என்று நம் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். லண்டன், சிட்னி, டொராண்டோ என்ற பெயர்கள் இன்று கிராமத்துத் திண்ணையிலும் அடிபடுகின்றன. நல்ல ஆசைதான். தடுக்க வேண்டியது இல்லை.

ஆனால், போகிற வழியில் ஒரு வாசல் இருக்கிறது. அதுதான் இங்கிலீஷ் பரீட்சை. அந்த வாசலைத் தாண்டினால்தான் பல்கலைக் கழகத்துக்குள் கால் வைக்க முடியும்.

நம் பிள்ளைகளில் பலர் அந்த வாசலில் தடுக்கி விழுகிறார்கள். படிக்கத் தெரியாமலா? இல்லை. எழுதத் தெரியாமலா? அதுவும் இல்லை. காதால் கேட்டுப் புரிந்து கொள்ளும் பகுதியில் விழுகிறார்கள்!

"பதினைந்து வருஷம் இங்கிலீஷ் படித்தேன். ஒலிபெருக்கியில் அவர்கள் பேசியது ஒன்றும் விளங்கவில்லையே" என்று கலங்குகிறார்கள். வீட்டிலோ, அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருக்கிறது.

இந்தக் கலக்கம் தேவை இல்லை. முன்கூட்டியே தயார் செய்தால், இதில் எல்லோரும் தேறலாம். எப்படி என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பரீட்சை எப்படி நடக்கிறது?

இங்கிலீஷ் பரீட்சைகள் பல உண்டு. அமெரிக்கப் பல்கலைக் கழகங்களுக்காக 1964-ல் தோன்றியது 'டோஃபல்'. 1989-ல் தொடங்கியது 'ஐ.இ.எல்.டி.எஸ்.' மாணவர்கள் இதை 'ஐயெல்ட்ஸ்' என்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகமாகக் கேள்விப்படுவது இதைத்தான். ஆகவே இதையே எடுத்துக் கொள்வோம்.

இதில் நான்கு பகுதிகள். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது. ஒவ்வொன்றுக்கும் 9 வரை புள்ளி போடுவார்கள். எத்தனை புள்ளி வேண்டும் என்பது பல்கலைக் கழகத்துக்குப் பல்கலைக் கழகம் மாறும். மொத்தத்தில் ஆறரை வேண்டும், எந்தப் பகுதியிலும் ஆறுக்குக் கீழே போகக் கூடாது என்று கேட்கும் இடங்கள் பல.

இந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். மற்ற மூன்றிலும் நன்றாக எழுதி, கேட்பதில் மட்டும் குறைந்தால் போதும். இடம் கைநழுவிவிடும்.

கேட்கும் பரீட்சை ஏறக்குறைய அரை மணி நேரம். 40 கேள்விகள். நான்கு பாகம். ஒரு பாகத்துக்குப் பத்துக் கேள்வி.

முதல் பாகத்தில் இரண்டு பேர் பேசிக் கொள்வார்கள். வாடகைக்கு வீடு கேட்பது, வகுப்பில் பெயர் பதிவது போன்ற அன்றாடப் பேச்சு. இரண்டாவதில் ஒருவர் மட்டும் பேசுவார். ஒரு நூல்நிலையத்தையோ பூங்காவையோ பற்றி விவரம் சொல்வார். மூன்றாவதில் மாணவர்களும் ஆசிரியரும் பாடத்தைப் பற்றி விவாதிப்பார்கள். நான்காவது, கல்லூரிச் சொற்பொழிவு. இடையில் நிறுத்தம் இல்லாமல் ஓடும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும்! "இன்னொரு தடவை போடுங்கள்" என்று கேட்க முடியாது.

இது அநியாயம் அல்லவா என்று தோன்றும். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் ஒரு மணி நேரம் பாடம் நடத்துவார். நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவனுக்காகத் திரும்பத் திரும்பச் சொல்வாரா? மாட்டார். ஒரு தடவை கேட்டுக் குறித்துக் கொள்கிறவன்தான் அங்கே பிழைப்பான். அதைத்தான் இந்தப் பரீட்சை சோதிக்கிறது.

40 கேள்விக்கு 23 சரியாக எழுதினால் ஏறக்குறைய 6 புள்ளி. 30 சரியாக இருந்தால் 7. ஆகவே, எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும் என்று பயப்படத் தேவை இல்லை. நாலில் மூன்றைப் பிடித்தாலே நல்ல புள்ளி!

எழுத்து ஒன்று, ஒலி வேறு

இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைக்கே ஏன் இந்தக் கஷ்டம்?

காரணம் உண்டு. நாம் இங்கிலீஷைக் கண்ணால் படித்தவர்கள். காதால் படித்தவர்கள் அல்ல.

தமிழில் எழுதியபடியே பெரும்பாலும் படிக்கலாம். இங்கிலீஷில் அப்படி இல்லை. புதன்கிழமைக்கு உரிய சொல்லை எழுத்தைப் பார்த்து 'வெட்னெஸ்டே' என்கிறோம். அவர்கள் 'வென்ஸ்டே' என்கிறார்கள். நாம் 'வெஜிடபிள்' என்கிறோம். அவர்கள் 'வெஜ்டபிள்' என்று ஓர் எழுத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

அழுத்தம் என்று ஒன்றும் இருக்கிறது. நாம் ஒரு சொல்லின் எல்லா எழுத்தையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்கிறோம். இங்கிலீஷ்காரர்கள் ஓர் இடத்தை மட்டும் ஓங்கிச் சொல்லி, மற்றதை மெலிதாக விட்டுவிடுவார்கள். 'ஃபோட்டோகிராஃப்' என்னும்போது முதல் எழுத்து ஓங்கும். 'ஃபடாக்ரஃபி' என்னும்போது இரண்டாவது ஓங்கும். இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள்தான். காதுக்கோ வேறு வேறு சொல் மாதிரி இருக்கும்.

பதின்மூன்றும் முப்பதும் பலரைக் கவிழ்த்துவிடும். 'தர்டீன்' என்று தனியாகச் சொல்லும்போது பின்பகுதி ஓங்கும், நீளும். 'தர்டி' என்னும்போது முன்பகுதி ஓங்கும், பின்பகுதி சட்டென்று முடியும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பழகிவிட்டால், வாடகை பதினைந்தா ஐம்பதா என்று திண்டாட வேண்டாம்.

சொற்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொள்வதும் உண்டு. 'கப் ஆஃப் டீ' என்று மூன்று சொல்லாக நாம் படித்தோம். வாயில் வரும்போது 'கப்பட்டீ' என்று ஒரே சொல்லாக வருகிறது.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? நாமும் அப்படித்தானே பேசுகிறோம்! 'எங்கே போய்க்கொண்டு இருக்கிறாய்?' என்று எழுதுகிறோம். 'எங்க போய்ட்ருக்க?' என்று பேசுகிறோம். புத்தகத் தமிழ் படித்த வெள்ளைக்காரர் ஒருவர் கோயம்பேடு சந்தைக்கு வந்தால் என்ன ஆவார்? திருதிரு என்று விழிப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது என்று அர்த்தமா? இல்லை. அவர் காது இன்னும் பழகவில்லை. அவ்வளவுதான்.

நம் பிள்ளையின் நிலையும் அதுவே. அறிவில் குறை இல்லை. காதுக்குப் பழக்கம் இல்லை.

ஊருக்கு ஒரு பேச்சு

கோவைத் தமிழ் வேறு. நெல்லைத் தமிழ் வேறு. நாகர்கோவில் தமிழ் வேறு. யாழ்ப்பாணத் தமிழ் வேறு. எல்லாம் தமிழ்தான்.

இங்கிலீஷும் அப்படியே. 'கார்' என்ற சொல்லின் கடைசி எழுத்தை லண்டன்காரர் விட்டுவிடுவார். அமெரிக்கர் உருட்டிச் சொல்வார். 'வாட்டர்' அமெரிக்கர் வாயில் 'வாடர்' போல ஒலிக்கும். ஆஸ்திரேலியர் பலர் 'டுடே' என்று சொன்னால், 'டுடை' மாதிரிக் காதில் விழும்.

பரீட்சையில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, கனடா ஆகிய நாட்டுக் குரல்கள் எல்லாம் வரலாம். ஒரே ஒரு குரலை மட்டும் கேட்டுப் பழகியவன் மற்றதைக் கேட்டதும் தடுமாறுவான். பல குரல் கேட்டவன் தடுமாற மாட்டான்.

தினமும் அரை மணி

சரி, எப்படித் தயார் செய்வது?

பரீட்சைக்கு முந்திய பத்து நாளில் இரவும் பகலும் கேட்டால் பயன் இல்லை. சைக்கிள் ஓட்டுவது போல, நீச்சல் அடிப்பது போல, இது பழக்கத்தால் வருவது. தினமும் அரை மணி. விடாமல் நாலைந்து மாதம். அதுதான் வழி.

முதல் படி, தெரிந்த குரலில் தொடங்குங்கள். ஆகாசவாணியின் இங்கிலீஷ் செய்தியைக் கேளுங்கள். நம் நாட்டுச் செய்தி. நம் நாட்டுக் குரல். காலையில் தமிழ்ப் பத்திரிகையில் படித்த சேதியே அதில் வரும். ஆகவே சீக்கிரம் புரியும். தைரியம் வரும்.

இரண்டாவது படி, வெளிநாட்டுக் குரலுக்குப் போங்கள். பி.பி.சி. நிறுவனம் இங்கிலீஷ் கற்பவர்களுக்கு என்றே ஆறு நிமிட நிகழ்ச்சி ஒன்றை வெளியிடுகிறது. பேசியது அப்படியே எழுத்திலும் கிடைக்கும். செல்போனில் கேட்கலாம். காசு இல்லை!

மூன்றாவது படிதான் உயிர்நாடி. கேட்டதை எழுதுங்கள். சின்ன வகுப்பில் வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதினோமே, அதே வேலைதான். ஒரு நிமிடப் பேச்சை எடுத்துக் கொள்ளுங்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி எழுதுங்கள். பிறகு அச்சில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். தப்பான இடத்தைச் சிவப்பு மையால் சுழியுங்கள். அந்த இடத்தை மூன்று தடவை திரும்பக் கேளுங்கள். பிறகு அதே மாதிரி வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய் பழகிய சொல்லைக் காது தவற விடாது.

எழுத்தைப் பார்த்துக் கொண்டே கேட்பது கூடாது. அப்போது வேலை செய்வது கண். காது தூங்கிவிடும். முதலில் எழுத்து இல்லாமல் கேளுங்கள். பிறகு எழுத்தோடு பாருங்கள். கடைசியில் மறுபடியும் எழுத்து இல்லாமல் கேளுங்கள். சினிமா பார்த்துப் பழகுகிறவர்களுக்கும் இதே விதிதான்.

கடைசிப் படி, பழைய பரீட்சை. கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தின் அச்சகம் மாதிரிப் பரீட்சைப் புத்தகங்களை வெளியிடுகிறது. ஒலிப்பதிவும் உண்டு. பேச்சின் எழுத்து வடிவமும் பின்னால் இருக்கும். வாரம் ஒரு பரீட்சை எழுதுங்கள். நிறுத்தாமல், ஒரே தடவை ஓட விட்டு எழுதுங்கள். திருத்திப் பாருங்கள். மார்க்கு குறைந்தால் வருந்த வேண்டாம். ஏன் குறைந்தது என்று பாருங்கள். காதில் விழாமல் போனதா? விழுந்தும் எழுத்துப் பிழையா? கேள்வியையே சரியாகப் படிக்கவில்லையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

பரீட்சை அன்று

ஒவ்வொரு பாகத்துக்கும் முன்னால் கேள்விகளைப் படிக்கக் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். அந்த நேரம் தங்கம். வீணாக்காதீர்கள். கோடிட்ட இடத்தில் வரப் போவது பெயரா, எண்ணா, தேதியா, இடமா என்று ஊகியுங்கள். என்ன வரும் என்று தெரிந்து காத்திருக்கும் காது எளிதில் பிடித்துவிடும்.

பேச்சு போகிற வரிசையிலேயே விடைகளும் வரும். ஒன்று தவறிவிட்டால் அதையே நினைத்துக் கொண்டு இருக்காதீர்கள். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். போன பஸ்ஸைத் துரத்துகிறவன் வருகிற பஸ்ஸையும் விட்டுவிடுவான்!

பேசுகிறவர் மாற்றிச் சொல்வதும் உண்டு. "வெள்ளிக்கிழமை வருகிறேன். இல்லை, இல்லை, அன்று வேலை இருக்கிறது. சனிக்கிழமை வருகிறேன்" என்பார். முதலில் விழுந்ததை எழுதினால் போச்சு! முடிவாகச் சொல்வது எது என்று பொறுத்திருந்து எழுத வேண்டும்.

சொற்பொழிவில் திருப்பங்களைக் கவனியுங்கள். 'பர்ஸ்ட்' என்றால் தொடங்குகிறார். 'ஃபார் எக்ஸாம்பிள்' என்றால் உதாரணம் வரப் போகிறது. 'ஹவ்எவர்' என்றால் பேச்சு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. இந்தச் சொற்கள் கைகாட்டி மரங்கள். இவற்றைப் பிடித்தால் வழி தவறாது.

'இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்' என்று கேள்வித்தாளில் இருந்தால், மூன்று சொல் எழுதக் கூடாது. விடை சரியாக இருந்தாலும் மார்க்கு கிடைக்காது. எழுத்துப் பிழைக்கும் மார்க்கு போகும். பிரிட்டிஷ் முறையிலும் எழுதலாம். அமெரிக்க முறையிலும் எழுதலாம். இரண்டும் சரியே.

தப்பான விடைக்கு மார்க்கைக் கழிக்க மாட்டார்கள். ஆகவே எந்தக் கேள்வியையும் காலியாக விடக் கூடாது. கம்ப்யூட்டரில் எழுதுவோருக்குக் கடைசியில் 2 நிமிடம் சரி பார்க்கக் கொடுப்பார்கள். காலி இடங்களை அப்போது நிரப்பி விடுங்கள்.

வீட்டார் என்ன செய்யலாம்?

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே. நாங்கள் எப்படி உதவுவது?" என்று பெற்றோர் கேட்கலாம்.

உதவலாம். நிறைய உதவலாம்.

தினமும் அந்த அரை மணி நேரம் டெலிவிஷனை நிறுத்துங்கள். கடைக்குப் போய் வா என்று அனுப்பாதீர்கள். அமைதியாக ஒரு மூலை கொடுங்கள். இதற்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியது இல்லை.

வீட்டில் பள்ளிக்கூடம் போகிற தம்பி, தங்கை இருந்தால் இன்னும் நல்லது. மின்சார பில்லில் உள்ள எண்ணை, பஸ் டிக்கெட்டில் உள்ள எண்ணை இங்கிலீஷில் வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். அண்ணனோ அக்காளோ எழுதட்டும். பெயர்களை எழுத்து எழுத்தாகச் சொல்லட்டும். முதல் பாகத்தில் பெயரும் முகவரியும் டெலிபோன் எண்ணும் அடிக்கடி வரும். இங்கிலீஷில் 'ஏ' எது, 'ஈ' எது, 'ஐ' எது என்பதில் நம் பிள்ளைகள் குழம்புவது வழக்கம். 'ஜி'யும் 'ஜே'யும் இன்னொரு குழப்பம். பூஜ்யத்தை 'ஓ' என்று சொல்வார்கள். அதையும் பழக வேண்டும். இந்த விளையாட்டால் இரண்டு பிள்ளைகளும் தேறும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பரீட்சைக் கட்டணம் மட்டுமே பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். பயிற்சிக் கட்டணம் தனி. ஆகவே, "எழுதித்தான் பார்ப்போமே" என்று கட்டிவிடாதீர்கள். வீட்டில் எழுதும் மாதிரிப் பரீட்சையில் தொடர்ந்து வேண்டிய மார்க்கு வந்த பிறகு பணம் கட்டுங்கள். புள்ளி 2 வருஷம்தான் செல்லும். எந்த வருஷம் சேரப் போகிறோம் என்று கணக்குப் பார்த்து எழுதுங்கள்.

கம்ப்யூட்டரில் எழுதியவர்கள், ஒரு பகுதியில் மட்டும் குறைந்துவிட்டால், அந்த ஒன்றை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதவும் வசதி இருக்கிறது. ஆனால், எல்லாப் பல்கலைக் கழகங்களும் அதை ஏற்பதில்லை. முதலில் விசாரித்துக் கொள்ளுங்கள்.

"பரீட்சைக் கேள்வி முன்னாலேயே எங்களிடம் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணமும் போகும், பெயரும் போகும்.

பள்ளிக்கூடம் கவனிக்குமா?

பிள்ளையை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. நம் பள்ளிக்கூடங்களைப் பாருங்கள். இங்கிலீஷ் பாடத்தைப் பல இடங்களில் தமிழில்தான் நடத்துகிறார்கள். கேள்வி பதிலை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பாடப் புத்தகத்தில் கேட்கும் பயிற்சிகள் அச்சாகி இருக்கின்றன. ஆனால், தமிழ்நாடு பிளஸ்-2 இங்கிலீஷ் பொதுத்தேர்வு 90 மார்க்குக்கு எழுத்துத் தேர்வு. காதால் கேட்டு விடை எழுதும் கேள்வி அந்தத் தாளில் இல்லை. மார்க்கு இல்லாத பயிற்சியை யார் மதிப்பார்கள்? பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இது மாற வேண்டும். வாரத்தில் ஒரு வகுப்பைக் கேட்பதற்கு என்று ஒதுக்க வேண்டும். ஒரு ஒலிபெருக்கி போதும். பெரிய செலவு இல்லை. பொதுத்தேர்வில் பத்து மார்க்காவது இதற்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால், மறு வருஷமே எல்லாப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் காதைத் தீட்டிக் கொள்வார்கள்!

வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் இது என்று நினைக்க வேண்டாம். தமிழ் வழியில் படித்துவிட்டு, நம் ஊர்க் கல்லூரியிலேயே இங்கிலீஷ் வகுப்பில் உட்கார்ந்து, புரியாமல் விழிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்! எழுந்து கேட்கக் கூச்சம். வீட்டில் சொல்லப் பயம். வாய் திறக்காமலே ஒரு வருஷத்தைக் கழித்துவிடுகிறார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைக்குத்தான் இந்தத் துன்பம் அதிகம். மற்றவர்கள் வீட்டில் இங்கிலீஷ் காதில் விழுகிறது. இவன் வீட்டில் விழுவதில்லை. பள்ளிக்கூடமும் கைவிட்டால் இவன் எங்கே போவான்?

திருவள்ளுவர் 'கல்வி' என்று ஓர் அதிகாரம் செய்தார். அதோடு விடவில்லை. 'கேள்வி' என்று இன்னோர் அதிகாரமும் செய்தார். புத்தகத்தில் படிப்பது ஒன்று, காதால் கேட்டு அறிவது ஒன்று என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் கல்வியைப் பிடித்துக் கொண்டோம். கேள்வியை விட்டுவிட்டோம்.

மாணவர்களே! இன்று இரவே தொடங்குங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு நிமிடப் பேச்சு. முதல் நாள் பத்துச் சொல்லில் மூன்றுதான் பிடிபடும். சோர்ந்துவிடாதீர்கள். மறு நாளும் உட்காருங்கள். மூன்று நாலாகும். நாலு ஏழாகும். வாங்குகிற புள்ளி 2 வருஷத்தில் காலாவதி ஆகிவிடும். பழகிய காது, வகுப்பிலும் வேலையிலும் கடைசி வரை உங்களோடு இருக்கும்.